பக்கத்துல யாராவது வர்றாங்களா?

ஆடி பிறந்தால், ஓரி விழா நெருங்குவதால், நம் தபால் பை தானாகவே கொல்லிமலைப் பக்கம் சாய்ந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: முன்பின் தெரியாதவரைப் பொது இடத்தில் பார்த்தால் பேசுவதா, பேசாமல் போனை நோண்டுவதா? விஷயத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. ஊர் போதும்.

நாமக்கல்லில் பஸ் ஏறும்போது ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்கிறார்கள். செம்மேட்டில் இறங்கும்போது அண்ணன் தம்பி ஆகிவிடுகிறார்கள். நடுவில் என்ன நடக்கிறது? (நாமக்கல்)

நடுவில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. காரவள்ளி தாண்டி முதல் சில வளைவுகள் வரைக்கும் அவரவர் கம்பி அவரவருக்கு. அப்புறம் பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கும். ஜன்னலோரத்துக்காரர் எழுந்து இடம் கொடுப்பார். யாரோ ஒரு பாட்டி இடுப்புப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார். ‘முன்னாடி பார்த்துக்கிட்டே வாங்கம்மா, தலை சுத்தாது’ என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் வைத்தியம் சொல்வார்கள். முடிந்தது கதை, பஸ் ஒரு குடும்பம் ஆகிவிட்டது.

வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயார்க் நகரத்துச் சதுக்கங்களில் கேமராவை வைத்து வருஷக்கணக்காக மனிதர்களைக் கவனித்தார். 1980இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் கண்டது இதைத்தான்: தெரியாத இரண்டு பேர் சும்மா பேசிக்கொள்ள மாட்டார்கள், நடுவில் மூன்றாவதாக ஒன்று வேண்டும். தெருவில் வித்தை காட்டுகிறவர், வினோதமான ஒரு சிலை, ஏதோ ஒன்று. அவர் நம் பஸ்ஸில் வந்திருந்தால் கேமராச் செலவு மிச்சமாகியிருக்கும்.

கொல்லிமலையில் அந்த ‘மூன்றாவது’ எது? (பெருந்துறை)

முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற கிழங்கு. மேலே ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். சாலையோரத்தில் அதைக் குவித்து வைத்து, பக்கத்தில் அடுப்பு மூட்டி சூப் விற்பார்கள். முதல்முறை வருகிற எவராலும் ‘இது என்னங்க?’ என்று கேட்காமல் தாண்ட முடியாது. விற்கிற அக்கா பதில் சொல்வதற்குள், ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கும் சேலத்துக்காரர் சொல்லிவிடுவார்: ‘சுத்த சைவம்ங்க, பயப்படாம குடிங்க.’ அவருக்கும் விஷயம் தெரிந்து கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

ஆகாய கங்கைப் படிக்கட்டில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும் ‘இதோ, பத்து நிமிஷம்’ என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? (ஈரோடு)

1,000க்கும் மேற்பட்ட படிகள். இறங்குகிறவருக்குப் பத்து நிமிஷம் என்பது ஆசை. ஏறுகிறவருக்கு அது கருணை. முன்பின் தெரியாதவருக்காக மனிதன் மனசாரச் சொல்கிற பொய்களில் இது முதன்மையானது. நீங்களும் மேலே வரும்போது மூச்சிரைக்க அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

வெளிநாட்டில் ‘இங்கே உட்கார்ந்தால் யாரும் வந்து பேசலாம்’ என்று எழுதிய பெஞ்சுகள் இருக்கின்றனவாம். எங்கள் வார்டு பூங்காவில் வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். (சேலம், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

கொடுங்கள். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரப் பூங்காவில் 2019இல் அப்படி வைத்தார்கள். தனியாக ஒரு முதியவர் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார், கடந்து போகிறவர்களுக்கு அவரிடம் பேசலாமா என்று தயக்கம். அதைப் போக்க ஓர் அட்டை. செலவு சொற்பம். பிறகு பல ஊர்களுக்குப் பரவியது.

அதற்கும் முன்னால், இன்னும் ஆழமாகச் செய்தவர்கள் ஜிம்பாப்வேக்காரர்கள். ஹராரே நகரத்து மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஆரம்பித்தார். நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். பாட்டிமார்களோ தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர் மனசில் கிடப்பதைச் சொல்வார், பாட்டி கேட்பார். பலன் உண்டு என்பது முறையான ஆய்வில் தெரிந்து, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பெஞ்ச் அங்கே ஒரு சாக்குதான். காது கொடுத்துக் கேட்கும் ஆள்தான் வைத்தியம்.

உங்கள் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பெஞ்சின் முதுகில் ‘உபயம்’ என்று ஆரம்பித்து, கொடுத்தவர், அவருடைய அப்பா, திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. பேச வரலாம் என்ற வாசகத்துக்கு ஒரு ஜாண் ஒதுக்கச் சொல்லுங்கள். பிறகு பூங்காக் கதவு. காலையில் சில மணி, மாலையில் சில மணி, நடுப்பகல் முழுக்கப் பூட்டு என்றுதான் பல ஊர்களில் நடக்கிறது. தனியாக இருக்கிறவருக்குத் தனிமை உச்சத்தில் இருப்பது மதியம் 2 மணிக்கு. அப்போது பெஞ்ச் உள்ளே, மனிதர் வெளியே.

பேசினால் எதிராளிக்குத் தொந்தரவாக இருக்காதா? (கோயம்புத்தூர்)

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். எல்லோரும் சேர்ந்து தப்பாக நினைக்கிறோம். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களை வைத்துப் பார்த்தார்கள். 2014இல் ஆய்வு வெளியானது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னால் பயணம் கசக்கும் என்று மக்கள் ஊகித்தார்கள். பேசியவர்களுக்கோ, பேசாமல் போனவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்தது. சிகாகோவில் சரி, சிங்காநல்லூரில் எப்படி என்கிறீர்களா? நீங்களே ஒருநாள் பார்த்துச் சொல்லுங்கள். பேப்பரில் எதிர்ப் பக்கத்தை எட்டிப் படிக்கிறவர் கிடைத்தால் அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவர் பாதி வழி வந்துவிட்டார்.

சங்க இலக்கியத்தில் முன்பின் தெரியாதவர்கள் சந்திப்பு உண்டா? காதலைத் தவிர்த்துச் சொல்லவும். (திருச்சி, தமிழாசிரியை)

டீச்சர், விடை தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். இருந்தாலும் வகுப்புக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன்.

புறநானூறு 152. வன்பரணர் பாணர் கூட்டத்தோடு காட்டு வழியில் போகிறார். ஒரு வேட்டைக்காரர் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று போய்க் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. ஆளைப் பார்த்தால் கறி விற்கிறவர் மாதிரி இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. இவர்தான் கொல்லிக்குத் தலைவர் ஓரியோ, வேறு யாரோ என்று புலவருக்குச் சந்தேகம். நேரே கேட்காமல் முழவைக் கட்டிப் பாட ஆரம்பிக்கிறார்கள். பாட்டின் முடிவில் ‘கோ’, அதாவது அரசே, என்று சொல்ல, அந்த மனிதர் வெட்கப்படுகிறார். தனக்கு என்ன வேண்டும் என்று புலவர் வாயைத் திறக்கவும் விடவில்லை. வெந்த மான்கறி, கள், மலையில் பிறந்த பொன், மணி என்று நடுக்காட்டிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

எனக்கு இதைவிட மனசுக்கு நெருக்கமானது அதே வன்பரணரின் 150ஆம் பாட்டு. அது கொல்லி இல்லை, தோட்டி மலை. மழையில் நனைந்த பருந்தின் சிறகு மாதிரி கந்தல் உடையோடு, ஒரு பலாமரத்தடியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார் புலவர். வில்லோடு ஒரு செல்வர் வருகிறார். மரியாதைக்கு எழுந்திருக்கப் போகிறார் இவர். வந்தவர் கையைக் காட்டி உட்காரச் சொல்கிறார். தன் ஆட்கள் வந்து சேருவதற்கு முன்பே தானே தீ மூட்டிக் கறியைச் சுட்டு, ‘உங்கள் சுற்றத்தோடு சாப்பிடுங்கள்’ என்று கொடுக்கிறார். கிளம்பும்போது கழுத்து ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறார். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை. யார் என்று கேட்டாலும் சொல்லவில்லை. போகிற வழியில் பிறர் சொல்லித்தான் அந்த மலைக்குத் தலைவர் நள்ளி என்று தெரிகிறது.

ஆரம் கொடுப்பது ராஜாவுக்குப் பெரிய காரியம் இல்லை. களைத்து உட்கார்ந்தவரைத் தனக்காக எழுந்திருக்க விடாதது பெரிய காரியம். இன்றைக்கு ஒரு கவுன்சிலர் வந்தாலே தெரு முழுக்க எழுந்து நிற்கிறது.

அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, வழிப்போக்கன் வந்து படுத்தான், பேசினான். திண்ணை போனது, பேச்சும் போனது. சரிதானே? (கரூர்)

பாதி சரி. திண்ணை, சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல், சத்திரம் எல்லாமே தெரியாதவருக்காகக் கட்டியவைதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தத் தெருத் திண்ணையில் எவர் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தெருவில் நடக்கவே கூடாது என்று சிலரைச் சொல்லி வைத்திருந்த ஊரில், திண்ணை யாருக்கு வரவேற்பு சொல்லியிருக்கும்? பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. பொது என்பது ஏற்கெனவே பொதுவாக இருந்திருந்தால் தீர்மானம் எதற்கு?

டீக்கடையையும் அப்படியே புகழ்கிறோம். நாட்டு நடப்பு முழுக்க அங்கேதான் அலசப்படுகிறது, உண்மை. அதே டீக்கடையில்தான் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குத் தனியாக ஆணியில் மாட்டிய குவளை என்று நடந்தது. ஆகவே திண்ணை போனதற்கு நான் ரொம்ப அழ மாட்டேன். பஸ் சீட்டுக்காகச் சந்தோஷப்படுவேன். டிக்கெட் எடுத்தவர் யாராக இருந்தாலும் காலியான இடத்தில் உட்காரலாம். பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

அப்படியானால் பேச்சை எதில் ஆரம்பிப்பது? (தர்மபுரி)

‘நீங்க எந்த ஊரு?’ வேண்டாம். அதற்கு அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ வரும், அதற்கும் அடுத்து ‘அப்ப இன்னாரைத் தெரியுமா?’ வரும். மூன்று கேள்வியில் ஜாதிச் சான்றிதழே தயார். தாசில்தார் ஆபீசில்கூட இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. ‘பஸ் எத்தனை மணிக்குங்க?’ என்று கேளுங்கள். தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் உங்களோடு சேர்ந்து கவலைப்படுவார். இரண்டுமே நல்ல ஆரம்பம்.

தெரியாதவர்களிடம் பேசுங்கள் என்று எழுதுவது ஆண்களுக்குச் சுலபம். தனியாகப் பயணம் செய்கிற பெண்ணுக்கு? (சென்னை, கல்லூரி மாணவி)

கேள்வி நியாயம். பதிலில் சமாளிப்பு இருக்கக் கூடாது, ஆகவே நேராகவே சொல்கிறேன்: பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. காதில் ஹெட்போன் இருந்தால் அது கதவு. தட்டுகிறவன்தான் தவறு செய்கிறான். பெண்களைப் பொது இடத்தில் சீண்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998இல் தனிச் சட்டமே வந்தது. உதவிக்கு 181 எண்ணும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண் பொது இடத்துக்கு வந்தால் ஒரு காரணத்தோடுதான் வர வேண்டியிருக்கிறது: வேலை, கடை, கோயில், குழந்தையின் பள்ளிக்கூடம். ஆண் மட்டும் காரணமே இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறான். சும்மா நிற்கிற உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். செம்மேடு பஸ் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர் முக்குச் சாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் நிற்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பயமும் குறையும். சிமென்ட் பெஞ்சைவிட எரிகிற விளக்கும், சுத்தமான கழிப்பறையும், ராத்திரி வருகிற கடைசி பஸ்ஸும் இதற்கு அதிகம் உதவும்.

ஓரி விழாவுக்கு அவ்வளவு கூட்டம் வருகிறது. ஆனால் யாரும் யாரோடும் பழகின மாதிரி தெரியவில்லையே? (ராசிபுரம்)

ஆடி 17, 18 இரண்டு நாளும் அரசு விழா. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, அரங்குகள் எல்லாம் உண்டு. பூவைப் பார்க்கும் இடத்தில் நன்றாகவே பழகுகிறார்கள். ‘இது நிஜப் பூவா?’ என்று ஒருவர் கேட்க, நாலு பேர் தொட்டுப் பார்த்துத் தோட்டக்கலைத் துறைக்காரரிடம் திட்டு வாங்குகிறார்கள். மேடை முன்னால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. மேடை போட்டால் எல்லோருக்கும் ஒரே திசையில் முகம். முன்வரிசை நாற்காலிக்குத் துணி உறை வேறு. பின்வரிசைக்காரர் முதுகைத்தான் பார்க்க முடியும்.

மேடையைக் கலைத்துப் போட்டவர்களும் உண்டு. 2007இல் ஆரம்பித்த சென்னை சங்கமம் கரகத்தையும் பறையையும் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டு வந்தது. வாக்கிங் வந்தவர் டவலோடு நின்று தப்பாட்டம் பார்த்தார். 2015இல் சென்னை உரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கியபோது, சபாவுக்குப் போகும் கூட்டம் மீனவர் தெருவுக்கு வந்து கச்சேரி கேட்டது. பாடகர் டி. எம். கிருஷ்ணா அதில் முன்நின்றார். ஒரு நாள் விழாவில் ஜாதி போய்விடுமா என்று கேட்டார்கள். போகாது. ஆனால் அந்தக் குப்பத்துக்கு வழி கேட்க வேண்டியிருந்தது. கேட்டவருக்கு அங்கே இருக்கிறவர்தான் வழி சொன்னார்.

பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள். உங்கள் கணக்கில் அது வெற்றியா? (தி. நகர்)

2019 நவம்பரில் திறந்தார்கள். சாலையின் அகலத்தில் ஒரு பகுதியை நடப்பவருக்குக் கொடுத்தார்கள், உட்கார இடமும் போட்டார்கள். எதுவும் வாங்காமல் தி. நகரில் உட்கார முடியும் என்பதே புரட்சி. நான் வெற்றி என்றுதான் சொல்வேன், ஒரு முனகலோடு. நடைபாதை வியாபாரி இருந்தால்தான் பேச்சு வரும். வளையல் பேரத்தில் பக்கத்தில் நிற்கும் பெண், ‘அக்கா, அது எண்பதுக்குக் குடுத்தார், விடாதீங்க’ என்று உளவு சொல்வாள். சுத்தமான கிரானைட் தரைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

வருகிற டூரிஸ்ட்டுகள் சோளக்காட்டுச் சந்தையில் எங்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கிறார்கள். இதுவும் ‘சந்திப்பு’தானா? (கொல்லிமலை)

இல்லைங்க. பலாப்பழத்தைப் படம் எடுக்கலாம், அது கோபித்துக்கொள்ளாது. விற்கிறவரைப் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கி, ‘எடுக்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மலை மக்களை அருவி மாதிரி, பனி மாதிரி காட்சியாகப் பார்க்கிற பழக்கம் ஒன்று கீழே இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோர்களைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் உங்கள் மக்கள். அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு காலத்தில் இந்த மலைக்குப் புதியவர்களாக வந்தவர்கள்தான். மலை உங்களைப் படம் எடுக்கவில்லை.

சந்தையில் ஒரு நல்லது உண்டு. மிளகு, காபி, அன்னாசி என்று எதற்கு விலை கேட்டாலும், அங்கே தெரிந்தவர் நீங்கள். கீழிருந்து வந்தவர் மாணவர். அடுத்த முறை ஒருவர் கேமராவைத் தூக்கினால், எந்த வாழை என்ன ரகம் என்று பாடம் எடுத்துவிடுங்கள். பாதிப் பேர் படத்தை மறந்துவிடுவார்கள். மீதிப் பேர் அதையும் வீடியோ எடுப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மலைச் சாலையில் யாருக்கு யார் வழிவிட வேண்டும்? எதிரே வருகிறவன் திட்டுகிறான். (சேந்தமங்கலம், ஓட்டுநர்)

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது பண்பாடு இல்லை, சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதுதான் காரணம். வழி கிடைத்ததும் கையைத் தூக்கிக் காட்டுவது மட்டும் விதியில் இல்லை. அதை நீங்களாகச் செய்யுங்கள். திட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நான் கூச்ச சுபாவம். என்ன செய்ய? (ஆத்தூர்)

வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்து சீட்டில் வையுங்கள். கேட்பார்கள். கொடுங்கள். உங்கள் பங்கு முடிந்தது.

நீங்கள் சொன்னபடி பேச ஆரம்பித்தேன். அவர் நிறுத்தவே மாட்டேன் என்கிறார். எப்படித் தப்பிப்பது? (திருச்செங்கோடு)

‘நான் எல்.ஐ.சி. ஏஜென்ட், உங்க பேர்ல பாலிசி ஏதாவது இருக்குங்களா?’ என்று கேளுங்கள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். அவரும் ஏஜென்ட்டாக இருந்து தொலைத்தால், முதல் பிரீமியத்தை என்னிடம் கேட்காதீர்கள்.